பூவின் நிறம் உணவுக்கு வருமா?

2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியிலும் அதைத் தொடர்ந்து தமிழ்நாட்டிலும் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது. பரிசோதனைக்கு எடுத்த மிட்டாயில் ரோடமின்-பி என்னும் சாயம் கலந்திருப்பது தெரியவந்ததே காரணம். துணிக்கும் காகிதத்துக்கும் நிறமேற்றப் பயன்படும் இளஞ்சிவப்புச் சாயம் அது. உணவில் சேர்க்க அதற்கு அனுமதி இல்லை. பள்ளி வாசலில் விற்ற ஒரு பண்டத்தைப் பற்றிய செய்தி என்பதால் மாணவர்கள் இதை மறந்திருக்க மாட்டார்கள்.

இந்தச் செய்தியை வகுப்பில் பேசினால் அடுத்து இரண்டு கேள்விகள் வரும். "அப்படியானால் எந்த நிறத்தைத்தான் சாப்பிடலாம்?" "பூவில் இவ்வளவு நிறம் இருக்கிறதே, அதை எடுத்துப் போட்டால் என்ன?" இரண்டாவது கேள்வி நல்ல அறிவியல் கேள்வி. அதற்கு "போடலாம்" என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட முடியாது. பூவிலிருந்து நிறத்தை எடுப்பது எளிது. எடுத்த நிறத்தை உணவில் நிலைக்கச் செய்வதுதான் கடினம். ஒவ்வொரு பூவின் நிறமியும் தனக்குரிய சில விதிகளுக்குக் கட்டுப்படுகிறது. அந்த விதிகளைச் சங்குப்பூ, செம்பருத்தி, செண்டுமல்லி, காகிதப்பூ ஆகிய நான்கு பூக்களை வைத்தே வகுப்பறையில் செய்து காட்டலாம். விதிகளைப் புரிந்துகொண்ட மாணவர், கடையில் பளிச்சென்று தெரியும் எந்தப் பண்டத்தைப் பார்த்தாலும் சரியான கேள்வியைக் கேட்பார்.

மூன்று குடும்பங்கள்

பூக்களில் எத்தனையோ நிறங்கள் இருந்தாலும் அவற்றுக்குக் காரணமான நிறமிகளைப் பெரும்பாலும் மூன்று குடும்பங்களில் அடக்கலாம்.

முதலாவது ஆந்தோசயனின். சிவப்பு, ஊதா, நீலம் ஆகிய நிறங்களைத் தருவது. சங்குப்பூ, செம்பருத்தி, ரோஜா ஆகியவற்றில் இருப்பது இதுதான். பூ, நீலம் ஆகிய இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 1835இல் ஜெர்மானிய அறிஞர் லுட்விக் மார்க்வார்ட் இந்தப் பெயரை உருவாக்கினார். இந்த நிறமி, இதழ்ச் செல்லின் நுண்குமிழுக்குள் இருக்கும் நீரில் கரைந்திருக்கிறது.

இரண்டாவது கரோட்டினாய்டு. மஞ்சள், ஆரஞ்சு நிறங்கள் இதன் வேலை. செண்டுமல்லியின் நிறத்துக்கு முக்கியக் காரணம் லூட்டின் என்ற கரோட்டினாய்டு. இது செல்லில் கரைந்து கிடப்பதில்லை. நிறக்கணிகங்களுக்குள் கொழுப்புப் பொருள்களோடு சேர்ந்து இருக்கிறது.

மூன்றாவது பீட்டாலெய்ன். பீட்ரூட்டின் நிறம் இதுதான். காகிதப்பூ, கோழிக்கொண்டை, வாடாமல்லி, அந்திமந்தாரை ஆகியவற்றிலும் உண்டு. பார்வைக்கு ஆந்தோசயனினைப் போலவே சிவப்பாகவும் ஊதாவாகவும் தெரிந்தாலும் வேதியியல் அமைப்பு வேறு. மூலக்கூறில் நைட்ரஜன் இருக்கும். ஒரே தாவரத்தில் ஆந்தோசயனினும் பீட்டாலெய்னும் சேர்ந்து இருப்பதில்லை என்பது தாவரவியலார் கண்ட வியப்பான உண்மை. காகிதப்பூவில் நாம் இதழ் என்று நினைப்பது பூவடிச் செதில் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

முதல் விதி: நீரா, எண்ணெயா?

நிறமி செல்லில் எங்கே இருக்கிறது என்பதை மேலே பார்த்தோம். அதைத் தெரிந்துகொண்டால் எதில் கரையும் என்பதையும் ஊகிக்கலாம். முதலில் மாணவர்களை ஊகிக்கச் சொல்லி, பிறகு சோதனையைத் தொடங்குங்கள்.

பத்துச் சங்குப்பூக்களின் பச்சைப் புல்லி வட்டத்தை நீக்கிவிட்டு, கொதி அடங்கிய 100 மில்லி நீரில் போட்டு மூடி வையுங்கள். பத்து நிமிடத்தில் நீர் அடர் நீலமாகும், இதழ் வெளுத்துவிடும். நீல நிறமி நீரில் கரையக்கூடியது என்பதற்கு வெளுத்த இதழே சான்று. வெந்நீர் செல் சவ்வுகளைச் சிதைப்பதால் நிறமி விரைவில் வெளியேறுகிறது. தண்ணீர் குளிர்ந்ததாக இருந்தால் எவ்வளவு நேரம் ஆகிறது என்று இன்னொரு குழுவைக் கொண்டு ஒப்பிடச் செய்யலாம்.

இப்போது நிழலில் உலர்த்திய செண்டுமல்லி இதழ்களை இரண்டு பங்காகப் பிரியுங்கள். ஒரு பங்கை வெந்நீரிலும் மறு பங்கைத் தேங்காய் எண்ணெயிலும் போடுங்கள். எண்ணெய்க் கிண்ணத்தை நேரடியாக அடுப்பில் வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் அரை மணி நேரம் வைத்தால் போதும். எண்ணெய் நல்ல மஞ்சளாக மாறும். வெந்நீரிலும் கொஞ்சம் மஞ்சள் இறங்கும். அது இதழில் இருக்கும் வேறு வகை நிறமி. லூட்டின் இதழிலேயே தங்கிவிடும். வடிகட்டி எடுத்த இதழ்களை அருகருகே வைத்தால் வேறுபாடு தெரியும்.

தொழிற்சாலைகளிலும் இதே விதிதான். தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் ஒப்பந்த முறையில் பயிரிடப்படும் செண்டுமல்லியை உலர்த்தி, ஹெக்சேன் போன்ற கரைப்பானில் லூட்டினைப் பிரித்தெடுக்கிறார்கள். அதில் ஒரு பகுதி கோழித் தீவனத்துக்குச் செல்கிறது. முட்டையின் மஞ்சள் கரு நல்ல நிறமாக இருக்க அது உதவுகிறது. மாலையில் பார்க்கும் பூ முட்டைக்குள்ளும் நிறம் தருகிறது என்று சொன்னால் மாணவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள்.

விதிவிலக்கு ஒன்றும் உண்டு. குங்குமப்பூவின் நிறம் குரோசின் என்ற கரோட்டினாய்டு. ஆனால் அதனோடு சர்க்கரை மூலக்கூறுகள் இணைந்திருப்பதால் நீரிலும் பாலிலும் கரைகிறது. கேசரி என்ற இனிப்புக்குப் பெயர் வந்ததே குங்குமப்பூவால்தான். இன்று கேசரிப் பவுடர் என்ற பெயரில் விற்கும் பொடி பெரும்பாலும் செயற்கை நிறமி. காரணம் கணக்கில் இருக்கிறது. ஒரு கிலோ குங்குமப்பூவுக்கு ஏறத்தாழ 1,50,000 பூக்கள் தேவை. ஒரு பூவுக்கு மூன்று சூலகமுடிகள். ஒரு கிராமுக்கு எத்தனை பூ, எத்தனை சூலகமுடி என்று ஐந்தாம் வகுப்பு மாணவரே கணக்கிட்டுவிடுவார்: 150 பூக்கள், 450 சூலகமுடிகள். அத்தனையையும் கையால்தான் கிள்ளி எடுக்க வேண்டும்.

இரண்டாம் விதி: புளிப்பும் காரமும்

சங்குப்பூ நீரை நான்கு கண்ணாடிக் குவளைகளில் சம அளவு ஊற்றுங்கள். ஒன்றை ஒப்பீட்டுக்காக அப்படியே விட்டுவிட்டு, மற்றவற்றில் முறையே எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா, தெளிந்த சுண்ணாம்பு நீர் சேருங்கள். செம்பருத்தி நீருக்கும் காகிதப்பூ நீருக்கும் இதையே செய்யுங்கள். பொதுவாகக் கிடைக்கும் முடிவுகள் இவை:

சங்குப்பூ: நீரில் நீலம், எலுமிச்சையில் ஊதா, மேலும் சேர்த்தால் இளஞ்சிவப்பு கலந்த ஊதா, சோடாவில் பச்சை கலந்த நீலம், சுண்ணாம்பு நீரில் பச்சை, நேரம் ஆக ஆக மஞ்சள்.

செம்பருத்தி: நீரில் மங்கிய ஊதா கலந்த சிவப்பு, எலுமிச்சையில் பளிச்சென்ற சிவப்பு, சோடாவிலும் சுண்ணாம்பு நீரிலும் பச்சை.

காகிதப்பூ: நீரில் கருஞ்சிவப்பு, எலுமிச்சையில் பெரிய மாற்றம் இல்லை, சோடாவிலும் பெரிய மாற்றம் இல்லை, சுண்ணாம்பு நீரில் மஞ்சள் பக்கம் சாயும்.

முதல் இரண்டும் ஆந்தோசயனின், மூன்றாவது பீட்டாலெய்ன் என்பதை மாணவர்களே இந்த முடிவுகளிலிருந்து கண்டுபிடிக்க விடுங்கள். ஆந்தோசயனின் மூலக்கூறு, கரைசலில் இருக்கும் ஹைட்ரஜன் அயனிகளின் அளவுக்கேற்பத் தன் அமைப்பை மாற்றிக்கொள்கிறது. அமைப்பு மாறும்போது அது உட்கவரும் ஒளியும் மாறுகிறது; அதனால் நம் கண்ணுக்கு வேறு நிறம் தெரிகிறது.

அமிலம், காரம் என்ற பிரிவையே பூதான் தெளிவாகக் காட்டிக் கொடுத்தது எனலாம். 1664இல் ராபர்ட் பாயில் நிறங்களைப் பற்றி எழுதிய நூலில், வயலட் பூவின் சாறு அமிலத்தில் சிவப்பாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறுவதை விளக்கியிருந்தார். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய வேதியியலார் ரிச்சர்ட் வில்ஸ்டாட்டர், நீலநிறச் சோளப்பூவிலும் சிவப்பு ரோஜாவிலும் இருப்பது ஒரே நிறமி என்று காட்டினார். தாவர நிறமிகளைப் பற்றிய ஆய்வுக்காக 1915இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம் வீடுகளிலும் இந்த வேதியியல் நடக்கிறது. மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கிறது; அதுதான் ஆரத்தி. சட்டையில் பட்ட மஞ்சள் குழம்புக் கறை சோப்புப் போட்டதும் சிவப்பதும் அதே காரணத்தால்தான். மஞ்சள் பூவிலிருந்து வருவதில்லை, கிழங்கிலிருந்து வருகிறது. அதன் நிறமி குர்குமின். ஆயினும் நிறங்காட்டி என்ற கருத்தைத் தொடங்க ஆரத்தித் தட்டைவிட அறிமுகமான எடுத்துக்காட்டு நமக்குக் கிடைக்காது.

உணவுக்கு வரும்போது இந்த விதி முக்கியமாகிறது. செம்பருத்திச் சர்பத்தில் எலுமிச்சை சேர்ப்பது சுவைக்கு மட்டும் என்று நினைத்திருப்போம். புளிப்பு இல்லாவிட்டால் அதன் நிறம் மங்கிவிடும். நீல நிறச் சோறு வேண்டுமானால் சங்குப்பூ நீரில் வேகவைக்கலாம். மலேசியாவின் கிளந்தான் பகுதியில் நாசி கெராபு என்ற நீலச் சோறு அப்படித்தான் செய்யப்படுகிறது. அதே நீரில் எலுமிச்சைச் சோறு செய்தால் நீலம் எதிர்பார்க்க முடியாது. "இட்லி மாவில் சங்குப்பூ நீரைக் கலந்தால் என்ன நிறம் வரும்? புளிக்கும் முன் கலந்தால்? புளித்த பின் கலந்தால்?" என்று கேட்டு, ஊகத்தை எழுதி வைத்துவிட்டு வீட்டில் பெரியவர்களோடு செய்துபார்க்கச் சொல்லலாம்.

மூன்றாம் விதி: வெப்பம், ஒளி, உலோகம்

ஒரே அளவு பூ நீரை நான்கு சிறிய கண்ணாடிப் புட்டிகளில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை வெயில் படும் சன்னலில் வையுங்கள். ஒன்றைக் கருப்புத்தாள் சுற்றி அதே சன்னலில் வையுங்கள். ஒன்றை அலமாரிக்குள் வையுங்கள். ஒன்றைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு அலமாரியில் வையுங்கள். மூன்று நாள்கள் காலையும் மாலையும் நிறத்தைக் குறித்துவர வேண்டும். ஒளியா, வெப்பமா, எது நிறத்தை அதிகம் கெடுக்கிறது என்பதைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க இந்த அமைப்பு உதவும். ஒரு நேரத்தில் ஒரு காரணியை மட்டும் மாற்ற வேண்டும் என்ற ஆய்வு முறையும் இதிலேயே பாடமாகிவிடுகிறது.

காகிதப்பூ நீரையோ பீட்ரூட் சாற்றையோ நன்கு கொதிக்கவிட்டால் சிவப்பு குறைந்து பழுப்பு மஞ்சளாகும். செம்பருத்தியும் நீண்ட நேரம் கொதித்தால் நிறம் இழக்கும். சங்குப்பூ இவற்றைவிட உறுதியானது. அதன் ஆந்தோசயனினோடு வேறு சில அமிலத் தொகுதிகள் இணைந்திருக்கின்றன. அவை நிறம் தரும் வளையத்தின்மீது போர்வைபோல மடிந்து, நீர் தாக்காமல் காக்கின்றன. உணவுத் தொழில் இந்தப் பூவைத் தேடி வந்ததற்கு அதுவே காரணம். அமெரிக்காவின் உணவு, மருந்து நிருவாகம் 2021இல் சங்குப்பூச் சாற்றை உணவு நிறமியாக ஏற்றுக்கொண்டது. இயற்கையில் உறுதியான நீல நிறமி கிடைப்பது அரிது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

கரோட்டினாய்டு வெப்பத்தை ஓரளவு தாங்கும். காற்றும் வெயிலும் சேர்ந்தால் வெளுக்கும். மஞ்சள் கறை வெயிலில் காய்ந்தால் மறைவதையும் மாணவர்கள் பார்த்திருப்பார்கள்.

உலோகமும் நிறத்தை மாற்றும். இரும்புச் சட்டியில் ஆந்தோசயனின் நீரைக் காய்ச்சினால் கறுத்துப்போகும். அதனால் எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் பாத்திரங்களே ஏற்றவை.

உண்பதற்காகச் செய்யும்போது

சோதனைக்காகச் செய்ததை யாரும் வாயில் வைக்கக் கூடாது. சோதனைக் குவளையும் சமையல் குவளையும் வேறு வேறாக இருக்க வேண்டும். இதை முதல் நாளே விதியாகச் சொல்லிவிடுங்கள். உண்பதற்கு நிறம் எடுப்பதாக இருந்தால் தலைமையாசிரியர், பெற்றோர் இசைவோடு, பெரியவர் ஒருவர் முன்னின்று செய்ய வேண்டும்.

செம்பருத்தி: ஒற்றை அடுக்குச் சிவப்பு நாட்டுச் செம்பருத்தி நல்லது. ஐந்து பூக்களின் மகரந்தத் தண்டையும் காம்பையும் நீக்கி, இதழ்களைக் கழுவி, கொதி அடங்கிய 200 மில்லி நீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து வடிகட்டுங்கள். பிழிந்தால் வழவழப்பு இறங்கும்; பிழியாமல் வடிய விடுங்கள். அரை எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்த்தால் சிவப்புச் சர்பத் தயார்.

சங்குப்பூ: மேலே சொன்ன முறையிலேயே எடுக்கலாம். பச்சைப் பாகமும் காம்பும் இல்லாமல் இதழ் மட்டுமே எடுக்க வேண்டும். விதையும் வேரும் பேதியை உண்டாக்கும். அவற்றைத் தொட வேண்டாம்.

ரோஜா: தோட்டத்து நாட்டு ரோஜா இதழ்களைச் சர்க்கரையோடு அடுக்கி வெயிலில் வைத்துக் குல்கந்து செய்வது நாம் அறிந்ததே. சர்க்கரை இதழின் நீரை உறிஞ்சும்போது நிறமியும் மணமும் பாகில் இறங்குகின்றன. சவ்வூடு பரவல் பாடத்துக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

புளிச்சகீரை: சிவப்புப் புல்லி இதழ் கொண்ட வகையில், பூ உதிர்ந்த பிறகு தடிக்கும் புல்லி இதழ்களை எடுத்து நீரில் ஊறவைத்தால் சிவப்புப் பானம் கிடைக்கும். எகிப்தில் கர்க்கடே என்றும் செனகலில் பிஸாப் என்றும் இது புகழ்பெற்றது. புல்லி இதழிலேயே புளிப்பு இருப்பதால் தனியாக எலுமிச்சை வேண்டியதில்லை. இரண்டாம் விதியை இங்கே செடியே கவனித்துக்கொள்கிறது.

இந்தச் சாறுகளில் கெடாமல் காக்கும் பொருள் எதுவும் இல்லை. அன்றே பயன்படுத்துவது நல்லது. மிஞ்சினால் குளிர்பதனப் பெட்டியில் இரண்டு நாள் வைக்கலாம். நீண்ட நாள் வேண்டுமானால் இதழ்களை நிழலில் உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் இருட்டில் வைக்க வேண்டும்.

எல்லாப் பூவும் உணவாகாது

இயற்கையானது என்றால் தீங்கற்றது என்ற எண்ணம் குழந்தைகளிடம் எளிதில் ஊன்றிவிடும். இந்தப் பாடத்தை நடத்தும்போது அதைத் தடுப்பது ஆசிரியரின் பொறுப்பு. பள்ளி வளாகத்திலும் சாலையோரத்திலும் அழகாகப் பூக்கும் அரளியும் பொன்னரளியும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு கொண்டவை. நம் மாநில மலரான செங்காந்தளில் கோல்ச்சிசின் என்ற நச்சு உள்ளது. ஊமத்தையும் எருக்கும் உண்ணத் தகாதவை. அந்திமந்தாரையின் விதையும் வேரும் நச்சுத்தன்மை உடையவை. ஆகவே பெயர் உறுதியாகத் தெரியாத எந்தப் பூவையும் நிறத்துக்காகப் பறிக்கக் கூடாது.

பெயர் தெரிந்த பூவுக்கும் எச்சரிக்கை உண்டு. பூக்கடையில் வாங்கும் ரோஜாவும் செண்டுமல்லியும் அலங்காரத்துக்காக வளர்க்கப்பட்டவை. அவற்றின்மீது பூச்சிக்கொல்லி தெளிக்கப்பட்டிருக்கலாம். கழுவினால் முழுவதும் போய்விடும் என்று நம்ப முடியாது. அவற்றைச் சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மகரந்த ஒவ்வாமை உள்ள மாணவர்கள் இருந்தால் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். சங்குப்பூவையே எடுத்துக்கொண்டால், அமெரிக்கா அதன் சாற்றை நிறமியாக ஏற்ற அடுத்த ஆண்டே, உலர்ந்த பூவை உணவாக விற்பதில் பாதுகாப்பு ஐயங்கள் உள்ளதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தெரிவித்தது. செயற்கையோ இயற்கையோ, உணவில் சேரும் பொருள் எதுவானாலும் அளவு, பகுதி, சோதனை ஆகிய மூன்றையும் கேட்டாக வேண்டும்.

பின் கடைகளில் ஏன் செயற்கை நிறம்?

மூன்று விதிகளையும் செய்துபார்த்த பிறகு இந்தக் கேள்வியைக் கேளுங்கள். மாணவர்களே பாதி விடை சொல்வார்கள்: பூவின் நிறம் மங்கும், மாறும், நிறையப் பூ வேண்டும். மீதி விடை வரலாற்றில் இருக்கிறது. 1856இல் வில்லியம் பெர்கின் என்ற 18 வயது இளைஞர், நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பொருளைக் கொண்டு கொய்னா மருந்து செய்ய முயன்றபோது ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டார். அதன்பின் செயற்கைச் சாயங்கள் பெருகின. விலை மலிவு, சிறிதளவே போதும், வெயிலோ புளிப்போ எளிதில் மாற்றாது. துணிக்கு வந்த சாயங்களில் சில உணவுக்கும் வந்தன.

இன்று நம் நாட்டு உணவுச் சட்டம் எட்டுச் செயற்கை நிறமிகளை மட்டுமே, அதுவும் குறிப்பிட்ட உணவு வகைகளில் மட்டுமே அனுமதிக்கிறது. டார்ட்ரசின், சன்செட் யெல்லோ, கார்மாய்சின், பான்சோ 4ஆர், எரித்ரோசின், இண்டிகோ கார்மைன், பிரில்லியன்ட் புளூ, ஃபாஸ்ட் கிரீன் ஆகியவையே அவை. பொதுவான உச்ச அளவு ஒரு கிலோ உணவுக்கு 100 மில்லிகிராம். அதாவது ஒரு கிராம் தூய நிறமி பத்துக் கிலோ உணவுக்கான உச்ச வரம்பு. மிளகாய்த்தூள், மஞ்சள்தூள் போன்றவற்றில் செயற்கை நிறம் சேர்க்கவே கூடாது. ரோடமின்-பியும், மஞ்சள் நிறத்துக்காகக் கலப்படம் செய்யப்படும் மெட்டானில் யெல்லோவும் இந்தப் பட்டியலிலேயே இல்லை.

அனுமதிப் பட்டியலும் மாறாத ஒன்றல்ல. எரித்ரோசினை உணவில் பயன்படுத்த அளித்திருந்த அனுமதியை அமெரிக்கா 2025 ஜனவரியில் விலக்கிக்கொண்டது. புதிய ஆய்வுகள் வர வர விதிகளும் மாறும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

இங்கே ஒரு தவறான முடிவைத் தவிர்க்க வேண்டும். எலுமிச்சை பிழிந்தும் மாறாத நிறமெல்லாம் நச்சு என்று மாணவர்கள் முடிவு செய்துவிடக் கூடாது. மஞ்சள்தூளும் எலுமிச்சையில் மாறாது. செண்டுமல்லியின் லூட்டினும் மாறாது. எலுமிச்சைச் சோதனை ஆந்தோசயனின் உண்டா என்பதை மட்டுமே சொல்லும். உணவில் தடைசெய்த சாயம் இருக்கிறதா என்பதை ஆய்வகமே உறுதிசெய்ய முடியும்.

வகுப்புவாரியாகச் சில செயல்பாடுகள்

தொடக்க வகுப்புகள்: செம்பருத்தி இதழை வெள்ளைத் தாளில் தேய்த்து உலரவிட்டு, எலுமிச்சைச் சாற்றாலும் சோடா கரைத்த நீராலும் பஞ்சுக் குச்சியைக் கொண்டு வரையச் செய்யுங்கள். ஒரே தாளில் சிவப்பும் பச்சையும் தோன்றும். பூவின் பெயர், நிறம், மணம் ஆகியவற்றைச் சொல்லவும் எழுதவும் வாய்ப்புக் கிடைக்கும்.

6 முதல் 8ஆம் வகுப்பு வரை: இரண்டாம், மூன்றாம் விதிச் சோதனைகளை வானவில் மன்ற வகுப்பில் குழுவாகச் செய்யலாம். செம்பருத்தித் தாளைக் கீற்றுகளாக வெட்டி, மோர், புளிக்கரைசல், சோப்பு நீர், கிணற்று நீர் ஆகியவற்றைச் சோதித்து அட்டவணைப்படுத்தலாம்.

9, 10ஆம் வகுப்புகள்: அமிலங்கள், காரங்கள், பி.எச். அளவு ஆகிய பாடங்களோடு இணையுங்கள். கூடவே உறைகளைப் படிக்கும் பயிற்சி ஒன்றைத் தரலாம். காலி பிஸ்கட், மிட்டாய், குளிர்பான உறைகளைச் சேகரித்து வரச் சொல்லுங்கள். சேர்பொருள் பட்டியலில் ஐ.என்.எஸ். என்ற குறியீட்டை அடுத்து ஓர் எண் இருக்கும். 102, 110, 122, 124, 127, 132, 133, 143 ஆகியவை மேலே சொன்ன எட்டுச் செயற்கை நிறமிகள். 100 என்றால் குர்குமின், 140 பச்சையம், 160 வரிசை கரோட்டினாய்டுகள், 161பி லூட்டின், 162 பீட்ரூட் சிவப்பு, 163 ஆந்தோசயனின். உறைகளை இரண்டு பிரிவாக அடுக்கி, "இந்தப் பண்டத்துக்கு ஏன் இந்த நிறமியைத் தேர்ந்தெடுத்தார்கள்? புளிப்பா, கொழுப்பா, நீண்ட நாள் கடையில் இருக்க வேண்டியதா?" என்று விவாதிக்கச் செய்யுங்கள். மூன்று விதிகளும் அந்த விவாதத்தில் தாமாகவே வந்துவிடும்.

உறையே இல்லாமல் விற்கும் பண்டத்தில் படிக்க எந்த எண்ணும் இருக்காது. பஞ்சுமிட்டாய் அப்படிப்பட்டதுதான். அந்த இடத்தில் மாணவருக்குத் துணையாக இருப்பது கேள்வி கேட்கும் பழக்கம் மட்டுமே: இந்த நிறம் எதிலிருந்து வந்தது? இவ்வளவு அடர்த்தியாக, இவ்வளவு மலிவாக எப்படிக் கிடைத்தது? பத்துச் சங்குப்பூவை ஊறவைத்து ஒரு குவளை நீலம் எடுத்துப் பார்த்த பிள்ளைக்கு, நிறம் சும்மா கிடைப்பதில்லை என்பது தெரிந்திருக்கும். பள்ளித் தோட்டத்தில் ஒரு சங்குப்பூக் கொடியும் ஒரு செம்பருத்திச் செடியும் வைத்தால், இந்தப் பாடத்துக்கு வேண்டிய கருவிகளை ஆண்டு முழுவதும் அவையே தரும்.